கஸ்ஸியின் வாக்கியம்

எச்.சி. பாட்டர் இயக்கி 1948ல் வெளிவந்த 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்' ஹாலிவுட் குடும்ப நகைச்சுவைப் படங்களில் தேர்ந்த ஒன்று. நியூயார்க்கில் அடுக்குமாடி நெருக்கடியில் வாழும் விளம்பர எழுத்தாளன், கனெக்டிகட் பக்கம் சொந்த வீடு கட்டப்போய்ப் படும் அவதிதான் கதை. கேரி கிராண்டும் மிர்னா லாயும் நடித்திருக்கிறார்கள். சிரிப்பு போலியானதல்ல. அதனாலேயே அதன் கணக்கைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இந்த வீட்டில் கஸ்ஸி என்றொரு கறுப்பின வேலைக்காரி இருக்கிறாள். லூயிஸ் பீவர்ஸ் நடித்த பாத்திரம். படம் நெடுக அவளுக்குப் பெரிதாக வேலையில்லை. ஆனால் முடிவு அவள் கையில் இருக்கிறது. 'வாம்' என்ற பன்றியிறைச்சிக்கு விளம்பர வாசகம் எழுதமுடியாமல் இரவு முழுதும் அலுவலகத்தில் விழித்திருந்து தோற்று, வேலையையே விட்டுவிடும் நிலையில் வீடு திரும்புகிறான் பிளாண்டிங்ஸ். காலை உணவு பரிமாறும் கஸ்ஸி, வாம் தின்னாதவர்கள் இறைச்சியே தின்னவில்லை என்ற பொருளில், தன் பேச்சுவழக்கில், குழந்தைகளிடம் ஒரு வார்த்தை சொல்கிறாள். வாசகம் கிடைத்துவிட்டது. வேலை தப்பியது, வீடு தப்பியது. கஸ்ஸிக்குப் பத்து டாலர் சம்பள உயர்வு.

இதை இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். வேலைக்காரிக்கே வெற்றியைக் கொடுத்திருக்கிறார்களே, இது மரியாதை இல்லையா என்பது ஒன்று. மறுபடியும் சிரித்த முகத்துச் சமையற்காரி, ஒதுக்கித் தள்ளு என்பது மற்றொன்று. இரண்டுமே தலை எண்ணுகிற விமர்சனம். ஒரு பாத்திரம் திரையில் இருக்கிறதா, நல்லவிதமாக இருக்கிறதா என்பதோடு இவர்கள் நின்றுவிடுகிறார்கள். அவள் சொன்ன வாக்கியம் யாருக்குச் சொந்தமாகிறது என்று கேட்பதில்லை.

கஸ்ஸியின் கொச்சை வெள்ளையர் படங்களில் வழக்கமாகச் சிரிப்புக்கான பொருள். இங்கே அதுவே சரக்காகிறது. படித்தவனுக்கு வராத மொழி அவளிடம் இருக்கிறது என்று படம் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட கையோடு அதைப் பத்து டாலருக்கு வாங்கிக்கொள்கிறது. யாருக்கும் இது உறுத்தவில்லை. அவள் 'குடும்பத்தில் ஒருத்தி'. குடும்பத்துக்குள் ராயல்டி ஏது?

பீவர்ஸுக்கு இது பழக்கமான இடம். 1934ல் வந்த 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' படத்தில் அவர் நடித்த டெலிலாவின் அப்பப் பக்குவம் எஜமானியைப் பணக்காரியாக்குகிறது. டெலிலாவுக்கு இருபது சதவிகிதம் தர முன்வருகிறார்கள். இனி உனக்குத் தனி வீடு வாங்கிக்கொள்ளலாம் என்றதும், என்னை வெளியே அனுப்பப்போகிறீர்களா என்று அவள் பதறுகிறாள். சொந்த வீட்டை விரும்பாத கறுப்பினப் பெண் என்பது ஹாலிவுட்டின் செளகரியமான கற்பனை.

நிஜம் வேறு. லாஸ் ஏஞ்சலஸில் 'சுகர் ஹில்' என்று அழைக்கப்பட்ட பகுதியில் வீடு வாங்கிக் குடியிருந்த கறுப்பினத்தவரை, வெள்ளையரல்லாதவர் அங்கே வசிக்கக்கூடாதென்ற பத்திர நிபந்தனையைக் காட்டி வெளியேற்ற, அண்டை வெள்ளையர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கை எதிர்கொண்டவர்களில் ஹாட்டி மக்டானியல், ஈதல் வாட்டர்ஸ் ஆகியோருடன் லூயிஸ் பீவர்ஸும் ஒருவர். 1945 டிசம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தரக் கூடாதென்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னது 1948 மே மாதத்தில். இந்தப் படம் வந்த அதே வருஷம். படத்தின் விளம்பரத்துக்காக நாடெங்கும் 70க்கு மேற்பட்ட 'கனவு இல்லங்கள்' கட்டிக் காட்டப்பட்டதும் அப்போதுதான்.

தன் வீட்டுக்காக நீதிமன்றம் வரை போன ஒரு பெண், மூன்றே வருஷத்துக்குள் இன்னொருவனின் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பும் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். யாருக்கு வீடு கனவாகலாம் என்ற கேள்வி படத்துக்கு வெளியே எரிந்துகொண்டிருந்தது. படத்துக்குள் கூரையும் கிணறும் மட்டுமே பிரச்னை. நகைச்சுவையின் குற்றமல்ல இது. சொல்லப்போனால், நகைச்சுவை என்பதால்தான் அந்தப் பத்து டாலரை மறைக்காமல் காட்டிவிட்டார்கள். கண்ணியமான சமூகப் படமாக இருந்திருந்தால் தொகையைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.