ஏன் கசிகிறது?

இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு கசியும் ஒருவரின் எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) அறிக்கையைப் பிரித்தால் ‘மிதமான கசிவு’ என்ற வரி உடனே கண்ணில் படும். ஏன் கசிகிறது என்பதைப் பல அறிக்கைகளில் தேடத்தான் வேண்டும். கிடைத்தாலும் நம் நாட்டில் அது பெரும்பாலும் ‘ரூமாட்டிக்’ என்ற ஒரே சொல். அந்த ஊகத்தில் நியாயம் உண்டு. சிறுவயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சல் இங்கே ஏராளமான வால்வுகளைக் கெடுத்திருக்கிறது. ஆனால் பிறவியிலேயே முன் இதழ் பிளந்திருக்கும் அரிதான குழந்தையும் அதே சொல்லுக்குள் அடங்கிப்போகலாம். தனக்கு இல்லாத நோய்க்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு வளரும் பிள்ளையை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. ரூமாட்டிக் நோயைக் கண்டறிய 2012-இல் உலக இதயக் கூட்டமைப்பு வகுத்த அளவுகோல்களே, பிறவிக் குறைகளை விலக்கிய பிறகுதான் பொருந்தும் என்று வகுக்கப்பட்டவை.

எக்கோ எளிய கருவி, கதிர்வீச்சு இல்லாதது. அதன் அருமையை நான் குறைக்கவில்லை. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இருவர், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அதில் தெரிந்த ஓர் அலையை இடது மேலறையின் சுவர் என்றே எட்லர் முதலில் எண்ணினார். அது மைட்ரல் வால்வின் முன் இதழ் என்பது பிறகுதான் தெளிவானது. கருவி சரியாகத்தான் காட்டியது, வாசிப்பில்தான் பிழை. இன்றும் தவறுவது அந்த இடத்தில்தான்.

ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் கலர் டாப்ளர் வந்தபின் பார்ப்பவர் கண் கசிவின் வண்ணத்திலேயே நின்றுவிடுகிறது. நீளவாக்கில் மட்டும் பார்த்தால் பிளவு எளிதில் சிக்காது. கருவியைத் திருப்பி, குறுக்குவாக்கில் இதழ்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ரூமாட்டிக் வால்வில் இதழின் நுனி தடித்து, அசைவு இறுகியிருக்கும். பிறவிப் பிளவில் தடிப்பு இல்லாமலே, நடுவில் துணி கிழிந்ததுபோல் ஓர் இடைவெளி தெரியும். அது பெருந்தமனிக்குப் போகும் வழியை நோக்கியிருந்தால் தனிப் பிளவு என்று கருதலாம். இதய அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவரை நோக்கியிருந்தால் அந்தச் சுவரிலும் குறை இருக்கிறதா என்று தேடவேண்டும்.

உணவுக்குழாய் வழியாக எடுக்கும் முப்பரிமாண எக்கோ, அறுவை மருத்துவர் காண்பதுபோலவே வால்வை மேலிருந்து காட்டுகிறது. அதையும் கண்மூடி நம்பிவிட முடியாது. படத்தின் ஒளிர்வைக் குறைத்தால் மெல்லிய இதழில் இல்லாத ஓட்டை தோன்றும். கூட்டினால் இருக்கும் பிளவே மூடிக்கொள்ளும். பின் இதழில் இயல்பாக உள்ள மடிப்பிடங்களைப் பிளவென்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. சிறு குழந்தைக்கு இந்தச் சோதனை செய்ய மயக்கமருந்து தேவை என்பதால் எல்லோருக்கும் செய்யவும் இயலாது. ஆகவே நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் முதல் எக்கோவில்தான் கவனம் கூடவேண்டும். ஏனெனில் தனிப் பிளவு என்று தெரிந்தால், வால்வை மாற்றாமல் பல நேரம் தையலிட்டே மூடிவிடலாம். உலோக வால்வு பொருத்தப்பட்ட குழந்தையோ ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்கவேண்டும்.