பார்மால்டிஹைடு ஆஸ்துமாவை உண்டாக்குமா?

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் கூடத்துக்குள் நுழைந்தவர்களுக்குப் பார்மலினை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண் எரியும், மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும். பார்மலின் என்பது தண்ணீரில் கரைந்த பார்மால்டிஹைடு வாயுதான். பிளைவுட் ஒட்டும் பசையிலும், கசங்காத சட்டைத் துணிக்கு ஏற்றும் ரெசினிலும், ஷாம்பு கெடாமலிருக்கச் சேர்க்கும் சில பொருள்களிலும் இருப்பது அதே வேதிப்பொருள். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முடிவு செய்தது. அது ஒவ்வாமை ஊட்டுமா என்ற கேள்விக்குத்தான் இன்னும் ஒரே குரலில் பதில் இல்லை.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் பண மதிப்பும் உண்டு. ஊழியர் இழப்பீடு பற்றிய சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, வேலையால் வந்த ஆஸ்துமாவை இழப்பீட்டுக்குரிய நோயாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த ஆஸ்துமா, ஒவ்வாமை ஊட்டுவதாக ஏற்கப்பட்ட பொருளால் வந்திருக்க வேண்டும். பிணக்கூடத்து உதவியாளருக்கு இளைப்பு வந்தால், அந்தப் பொருள் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதில் அவருடைய இழப்பீடு அடங்கியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கூடத்தில் எல்லாருக்கும் கண் எரிவது எரிச்சல். அளவு கூடினால் கூடும், வெளியே வந்தால் தணியும். ஒவ்வாமை சிலருக்கு மட்டுமே வரும். வாரக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தொல்லையில்லாமல் பழகியபின் ஒருநாள் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொள்கிறது. அதன்பின் மற்றவருக்கு ஒன்றும் செய்யாத சிறு அளவே போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட அறிக்கைகள் இந்த விவகாரத்தில் ஏராளம்.

தோலைப் பொறுத்தவரை நீண்ட வாதம் தேவையில்லை. கினிப்பன்றிச் சோதனை, எலியின் நிணநீர்க் கணுச் சோதனை, இப்போது விலங்கில்லாமல் செய்யும் புரதப் பிணைப்புச் சோதனை ஆகிய எல்லாவற்றிலும் பார்மால்டிஹைடு ஒவ்வாமை ஊட்டி என்றே தெரிகிறது. மனிதர்களிடமும் அப்படியே. தோல் அழற்சிக்காகப் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்வோரில் ஐரோப்பாவில் 100-க்கு 2, 3 பேரும், அமெரிக்காவில் 8, 9 பேரும் இதற்கு எதிர்வினை காட்டுகிறார்கள். மருந்து ஒட்டி இரண்டு நாள் கழித்துச் சிவந்து தடிக்கும் அந்த இடம், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி அணுக்கள் செய்யும் வேலைக்குச் சான்று. திருப்பூரிலிருந்து ஏற்றுமதியாகும் உள்ளாடையில் கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் பார்மால்டிஹைடு கூடாது என்று ஓகோ-டெக்ஸ் தரம் வரம்பு வைத்திருப்பதும் இதே தோலுக்காகத்தான். தோல் பற்றிய தீர்ப்பில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

நுரையீரலுக்கு வரும்போது அமைப்புகளே பிரிந்து நிற்கின்றன. அமெரிக்காவின் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஎச், 2017-இல் பார்மால்டிஹைடுக்குத் தோல் ஒவ்வாமைக் குறியோடு சுவாச ஒவ்வாமைக் குறியும் இட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வகைப்பாட்டிலும் ஜெர்மனியில் வேலையிட வரம்புகளை வகுக்கும் மாக் ஆணையத்தின் பட்டியலிலும் தோல் மட்டும் இருக்கிறது, மூச்சு இல்லை. எல்லாருக்கும் முன்னால் இருப்பது ஏறக்குறைய அதே சான்றுகள்தான். விலங்குச் சோதனையைக் காட்டி முடிவு சொல்லவும் வழியில்லை. சுவாச ஒவ்வாமையைக் கண்டறிய எல்லாரும் ஏற்றுக்கொண்ட சோதனைமுறை இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

மறுப்பவர்களின் வாதம் வலுவானது. ஆஸ்துமா ஊட்டும் டிரைமெல்லிடிக் அன்ஹைட்ரைடை எலித் தோலில் தடவினால், உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்புரதத்தை வளர்க்கும் வகைச் செய்திப் புரதங்கள் சுரக்கின்றன. பார்மால்டிஹைடைத் தடவினால் தோல் ஒவ்வாமைக்கு உரிய வகையே சுரக்கிறது. அந்த வாயு தண்ணீரில் மிக எளிதாகக் கரைவதால், மூச்சில் இழுத்ததில் பெரும்பங்கு மூக்கின் ஈரத்திலேயே தங்கிவிடுகிறது. ஆழமான மூச்சுக்குழாய்க்குப் போய்ச் சேர்வது கொஞ்சம். அதை முகர்ந்து வேலை செய்வோரின் இரத்தத்தில் ஐஜிஇ அரிதாகவே அகப்படுகிறது. அகப்பட்டாலும் நோய்க்குறியோடு அது ஒத்துப்போவதில்லை.

ஆனால் ஐஜிஇ வரவே வராது என்றும் சொல்வதற்கில்லை. பார்மால்டிஹைடால் கிருமிநீக்கம் செய்த டயாலிசிஸ் கருவிகளைப் பயன்படுத்திய நோயாளிகளிடமும், பல்லின் வேர்க்குழாயில் பார்மால்டிஹைடு கலந்த மருந்து வைத்தபின் கடும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடமும் அது தென்பட்டிருக்கிறது. மூலக்கூறுக்கு அந்தத் திறன் உண்டு. உடலுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதுதான் வேறுபாடு.

இனி நோயாளிகளிடம் வருவோம். 1975-இல் ஹெண்ட்ரிக், லேன் என்ற இரு மருத்துவர்கள், பிரிட்டனில் டயாலிசிஸ் பிரிவில் பார்மலினோடு புழங்கிய செவிலியர்களின் ஆஸ்துமாவைப் பதிவு செய்தார்கள். பார்மலினை முகரவைத்துச் சோதித்தபோது, சில மணி நேரம் தாமதித்து இளைப்பு வந்தது. எரிச்சலால் வரும் இளைப்பு பெரும்பாலும் உடனே வந்து உடனே போகும். இந்தத் தாமதம் ஒவ்வாமையின் சாயல்.

1985-இல் பின்லாந்திலிருந்து நார்ட்மன் குழு வெளியிட்டது பெரிய தொகுப்பு. பார்மால்டிஹைடோடு புழங்கி மூச்சுத் தொல்லைப்பட்ட 230 பேரை முகரவைத்துச் சோதித்ததில் 12 பேருக்கு ஆஸ்துமா எதிர்வினை வந்தது. கொடுத்த அளவு கன மீட்டருக்குச் சுமார் 2.5 மில்லிகிராம், அதாவது 2 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 2 பங்கு). ஐரோப்பிய ஒன்றியம் இன்று 15 நிமிட வேலைக்கு அனுமதிக்கும் 0.6 பிபிஎம்மைவிட இது மூன்று மடங்குக்கு மேல். இவ்வளவு கொடுத்தால் எரிச்சலே இளைப்பை வரவழைத்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஆனால் அதே அளவை மற்ற 218 பேரும் முகர்ந்தார்கள். மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கும் தன்மை அவர்களிலும் பலருக்கு இருந்தது. எரிச்சல்தான் காரணம் என்றால் அவர்கள் ஏன் தப்பினார்கள்? இந்தக் கேள்விக்கு மறுப்பாளர்களிடமிருந்து திருப்தியான பதிலை நான் படித்ததில்லை.

அவர்கள் எதிர்ச்சான்றாக 1984-இன் மேயோ கிளினிக் ஆய்வைக் காட்டுவார்கள். பார்மால்டிஹைடு ஆஸ்துமா என்று ஐயப்பட்ட 13 பேரை 3 பிபிஎம் வரை முகரவைத்தும் ஒருவருக்கும் மூச்சுக்குழாய் சுருங்கவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பின்லாந்தின் விகிதம் 100-க்கு 5 பேர். அந்த விகிதம் உண்மையாகவே இருந்தாலும், 13 பேரில் ஒருவர்கூட அகப்படாமல் போக ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. காசைச் சுண்டி முடிவு செய்வதற்கு நிகரான இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பின்லாந்து முடிவைத் தள்ளிவிட முடியாது.

உலக நாடுகள் பின்பற்றும் ஜிஎச்எஸ் வகைப்பாட்டு விதியே இதற்கு வழிகாட்டுகிறது. சுவாச ஒவ்வாமை ஊட்டி என்று சொல்லத் தடுப்பாற்றல் வழியை நிரூபிக்க வேண்டியதில்லை என்கிறது அது. ஏற்கெனவே உணர்வு மிகுந்த மூச்சுக்குழாயை எரிச்சலால் மட்டும் சுருக்கும் பொருளை அந்த வகையில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஐஜிஇ இல்லை என்ற வாதம் முதல் விதியின்முன் செல்லாது. எரிச்சல் என்ற வாதம் செல்லும், ஆனால் அந்த 218 பேரிடம் வந்து இடறுகிறது.

ஆகவே என் தீர்ப்பு: தொழிற்கூட அளவில், நெடுநாள் புழங்கும் சிலருக்கு, பார்மால்டிஹைடு குறிப்பான ஆஸ்துமாவை உண்டாக்குகிறது. அரிது, ஆஸ்துமாவை அடிக்கடி உண்டாக்கும் ஐசோசயனேட் வரிசையில் வைக்க முடியாது. ஜிஎச்எஸ் கணக்கில் அடிக்கடி வராதவற்றுக்கான 1பி என்ற கீழ்ப்பிரிவே பொருந்தும். ஏசிஜிஐஎச் இட்ட குறி சரி. ஐரோப்பியப் பட்டியலின் வெற்றிடம் தவறு.

வீட்டுக்குள் மேசை, அலமாரியிலிருந்து கசியும் அளவுக்கு இந்தத் தீர்ப்பை நீட்ட மாட்டேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல், குழந்தைகளின் ஆஸ்துமாவையும் ஒவ்வாமையையும் கணக்கில் எடுத்து, கன மீட்டருக்கு 0.007 மில்லிகிராம் என்ற மிகத் தாழ்ந்த அளவை வைத்தது. பாதுகாப்பு எல்லையாக அதை மதிக்கிறேன். ஆனால் அந்த அளவில் பார்மால்டிஹைடு தானே ஒவ்வாமை ஊட்டுகிறதா, வேறொன்றின் ஒவ்வாமையைத் தூண்டிவிடுகிறதா என்பது தெளியவில்லை. 2006-இல் ஒரு பிரெஞ்சுக் குழு, கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவை அரை மணி நேரம் முகர்ந்த ஆஸ்துமாக்காரர்களுக்குத் தூசிப்பூச்சியின் தாக்கம் கூடியதைக் கண்டது. 2007-இல் இன்னொரு ஆய்வில் அதன் ஐந்து மடங்கு கொடுத்தும் புல் மகரந்தத்தின் தாக்கம் கூடவில்லை.

தொழிற்கூடத் தீர்ப்பை மாற்ற ஒரே ஒரு சோதனை போதும். வேலையில் இளைப்பு வந்தவர்களையும், அதே அளவு மூச்சுக்குழாய் உணர்வுள்ள, பார்மலினைத் தொடாதவர்களையும் வைத்து, எது பார்மால்டிஹைடு எது வெறுங்காற்று என்று சோதிப்பவருக்கும் முகர்பவருக்கும் தெரியாமல், 0.5 பிபிஎம்முக்குக் கீழே முகரவைக்க வேண்டும். இரு குழுவும் ஒன்றுபோல் இளைத்தால், அல்லது இரண்டுமே இளைக்காவிட்டால், சுவாச ஒவ்வாமைக் குறியை நானே அழிக்கச் சொல்வேன். அதுவரை பிணக்கூடத்து உதவியாளரின் மனுவைப் பட்டியலில் பெயரில்லை என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது.