கடைசிக் குச்சி

அரண்மனை போன்ற அந்த விடுதியின் மேஜைமீது ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என நான்கு வரிசைகளாகச் சீட்டுகளைப் பரப்பிவிட்டு, ஒடிசலும் உயரமுமான அந்த மனிதன் எதிரே நிற்பவனிடம் முதலில் ஆடும் உரிமையைத் தானாகவே ஒப்படைக்கிறானே, அந்த ஒரு க்ஷணத்தைப் பற்றியே இந்த வாரம் எழுத உத்தேசித்திருக்கிறேன். 1961-இல் அலேன் ராப்-கிரியே எழுத, அலேன் ரெனே இயக்கிய ‘சென்ற வருஷம் மரியன்பாத்தில்’ என்ற பிரெஞ்சுப் படத்தை அறிந்தவர்களுக்கு விதிகளை விவரிக்க வேண்டியதில்லை. ஒரு முறைக்கு ஒரே வரிசையிலிருந்துதான் எடுக்கவேண்டும். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசியை எடுப்பவன் தோற்றவன். சீட்டுகள் பின்னர் தீக்குச்சிகளாகின்றன, புகைப்படங்களாகின்றன. பெயர் சொல்லி அழைக்கப்படாத அந்த ஆட்டக்காரன் மட்டும் அப்படியே இருக்கிறான், அவன் தோற்பதில்லை.

படத்தைப் பற்றி ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து அறுபது வருஷங்களுக்கு மேலாகிறது. வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பரிசு பெற்ற அதே படம், 1978-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு புத்தகத்தில் உலகின் மிக மோசமான ஐம்பது படங்களுள் ஒன்றாக இடம் பெற்றது. ஒரு படத்துக்கு இந்த இரண்டு கௌரவங்களும் வாய்த்ததென்றால், அபிப்பிராயபேதம் சாதாரண ருசிபேதமல்ல என்பது தெளிவு. பட்டுத்துணி போர்த்திய சூனியம் என்கிறது ஒரு கோஷ்டி; மனித ஞாபகத்தின் ரகசியத்தையே திறந்து காட்டிய காவியம் என்கிறது மறு கோஷ்டி. என் துணிபு, இருவருமே ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பது. சென்ற வருஷம் நாம் சந்தித்தோம் என்று விடுதியில் ஒருவன் ஒரு பெண்ணிடம் வற்புறுத்துகிறான், அவளோ மறுக்கிறாள்; அவர்கள் சந்தித்தார்களா, இல்லையா என்ற கேள்விக்கு விடை எங்கோ ஒளித்துவைக்கப்பட்டிருப்பதாக இரு தரப்பினரும் எண்ணுகிறார்கள். விடை கிடைக்கவில்லையே என்று சினந்து எழுகிறவர் ஒருவர். கனவு என்றும், மரணம் என்றும், மனோவசியம் என்றும் தமக்குக் கிடைத்த விடையைப் பெருமிதத்தோடு அறிவிக்கிறவர் மற்றவர். எழுதியவரும் இயக்கியவருமே அந்தக் கேள்விக்கு ஒரே விடையைச் சொன்னதில்லை என்பதை இருவரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் இந்தத் தவற்றைச் செய்யமாட்டார்கள். இது பழைய ஆட்டம்; 1901-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பௌட்டன் என்ற கணித அறிஞர் இதற்கு ‘நிம்’ என்று பெயரிட்டு, இதன் சூத்திரத்தை முழுமையாக நிரூபித்தார். அந்தச் சூத்திரப்படி, ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்ற தொடக்க நிலையில் முதலில் கைவைப்பவன், எதிராளி பிழை செய்யாதவரை, எதை எடுத்தாலும் தோற்கவேண்டியவனே. ஆகையால் நம் ஆட்டக்காரனின் முதல் சாமர்த்தியம், எதையும் எடுக்காமல், எடுக்கும் வாய்ப்பைப் பிறனுக்கு வழங்கியதில் இருக்கிறது. எதிராளி ஆவேசத்துடன் ஏழையும் ஒரேயடியாக வாரிக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பேராசைப்படாமல் ஐந்தின் வரிசையிலிருந்து மூன்றை மட்டும் எடுத்தால், மேஜையில் எஞ்சுவன ஒன்று, இரண்டு, மூன்று. அந்த நிலையிலிருந்து மீள வழி கிடையாது. எதிராளி மூன்றையும் எடுத்தால் நீங்கள் இரண்டையும் எடுங்கள். ஒற்றைக் குச்சி அவன் தலையில் விழும். அவன் ஒன்றின் வரிசையை எடுத்தால் மூன்றில் ஒன்றைக் குறைத்து இரண்டும் இரண்டுமாக விடுங்கள். அப்பொழுதும் முடிவு அதுவே. எதை எடுக்கிறோம் என்பதைவிட எதை விட்டுவைக்கிறோம் என்பதே இந்த ஆட்டத்தின் பிராணன்.

படத்துக்குள்ளேயே ஒரு கூட்டம் மேஜையைச் சுற்றி நிற்கிறது. தொடங்குகிறவனே வெல்வான் என்கிறார் ஒருவர். இல்லை, இரண்டாவதாக ஆடுகிறவனே என்கிறார் இன்னொருவர். ஏதோ கணித விதி இருக்கிறது என்று பெரிய சொற்களைச் சொல்கிறார் வேறொருவர். ஆட்டக்காரன் எவரையும் மறுப்பதில்லை, ஆமோதிப்பதுமில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அடுக்குகிறான். கொட்டகையைவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்று வாதாடப்போகும் நம்மையே அந்தக் கூட்டத்தில் காணலாம் என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ, அத்தனை பேரே இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் என்பேன்.

படைத்தவர்களும் அதே ஆட்டத்தையே ஆடியிருக்கிறார்கள். பாத்திரங்களின் பெயர்களை எடுத்தார்கள், வருஷத்தை எடுத்தார்கள், காரணத்தை எடுத்தார்கள், ஆனால் மேஜையில் எஞ்சவேண்டியதைத் துல்லியமாக எஞ்சவிட்டார்கள். பிரசித்தமான அந்தத் தோட்டக் காட்சியை நினைவுகூருங்கள். சரளைக்கல் பாதையில் ஆணும் பெண்ணும் பதுமைகளைப்போல் அசைவற்று நிற்கிறார்கள். ஒவ்வொருவர் காலடியிலிருந்தும் நிழல் நீண்டு கிடக்கிறது. பக்கத்தில் கூம்பாக வெட்டிவிடப்பட்ட செடிகளுக்கு மட்டும் நிழலே இல்லை. மனிதர்களின் நிழல்கள் தரையில் தீட்டப்பட்டவை. அந்தத் தந்திரத்தைத் தெரிந்துகொண்ட பின்பும் காட்சியின் பிரமை குறைவதில்லை. சூரியன் எங்கே என்று மனம் தேடிக்கொண்டே இருக்கிறது. தேடுகிறவரை ஆட்டம் நடக்கிறது. ‘இதற்கு இதுதான் பொருள்’ என்று எவர் அந்தக் கடைசிக் குச்சியை எடுத்துவிடுகிறாரோ, அவர் தோற்றார்.

அந்த ஆட்டக்காரனைக் கல்நெஞ்சன் என்றும், வெற்றியைத் தவிர வேறொன்றும் அறியாத யந்திரம் என்றும் சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் அவன் கட்சியைச் சேர்ந்தவன், மறைக்க விரும்பவில்லை. மேஜைதோறும் ஜயித்தவன், நள்ளிரவு மணி அடித்த பிறகு மாடிப்படியில் இறங்கி வருகையில், அவனோடு விடுதியில் இருந்த அந்தப் பெண், சென்ற வருஷக் கதை சொன்ன மற்றவனோடு போய்விட்டிருக்கிறாள். அதை அவன் அடைந்த ஒரே அபஜயம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மேஜையில் முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்த அதே சுபாவம்தான், தீர்மானிக்கும் உரிமையை அவளிடமே விட்டுக்கொடுத்தது என்று நான் படிக்கிறேன். பிடித்து நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அதனாலேயே அவன்மீது என் மதிப்பு உயர்கிறது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்தமுறை எந்த ஊரிலாவது இந்தப் படம் திரையிடப்படும்பொழுது, ஆர்கன் இசை ஓயாமல் ஒலிக்க, அதே நடைக்கூடங்களும் அதே வாசகங்களும் திரும்பத் திரும்ப வருகிற முதல் அரைமணி நேரத்துக்குள் சிலர் எழுந்து போவார்கள்; மிஞ்சியவர்கள் முடிவில் இரண்டாகப் பிரிவார்கள். பத்து வருஷங்களுக்குள் இன்னொருவர் இறுதி விளக்கம் என்று ஒரு நூலை எழுதுவார். அதை மறுத்து மற்றொருவர் எழுதுவார். வேறு தேசத்திலிருந்து, வேறு மொழியில், இதைவிடக் கடினமான ஒரு விசித்திரப் படம் நாளை வரும். அதையும் ஒரு கோஷ்டி கூவி விரட்டும், ஒரு கோஷ்டி எழுந்து நின்று கைதட்டும். ஆயினும், ஒரு காட்சியை வேண்டும்போதெல்லாம் நிறுத்தி மறுபடி பார்க்கப் பழகிய இன்றைய இளைஞர்கள், பொருளைத் துரத்துவதை விட்டு ஒழுங்கைக் கவனிக்கத் தொடங்குவார்கள் என்பது என் திடமான நம்பிக்கை. அவர்கள் காலத்தில் எழுந்து போகிறவர்கள் குறைவார்கள், வாதாடுகிறவர்கள் குறையமாட்டார்கள், குறையவும் வேண்டாம்.

படத்தை இதுவரை பாராதவர்களுக்கும், பார்த்துச் சலித்து ஒதுக்கியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு ஒரு தீப்பெட்டியிலிருந்து பதினாறு குச்சிகளை எடுத்து, ஏழும் ஐந்தும் மூன்றும் ஒன்றுமாக அடுக்கி, வீட்டில் யாரையேனும் எதிரே உட்காரவைத்து, முதல் ஆட்டத்தை அவருக்குக் கொடுங்கள். எதை எடுக்கலாம் என்று பாராமல், எதை விடலாம் என்று மட்டும் பாருங்கள். கை அதற்குப் பழகிய பிறகு படத்துக்குப் போங்கள். மொத்தம் தொண்ணூற்று நான்கு நிமிஷங்கள்தான், முடியும்வரை உட்கார்ந்திருங்கள்.