'பறையன்' என்னுஞ் சொல்: ஒரு பிழையுரை மறுப்பு

'பறையன்' என்னுஞ் சொற்கு இழிந்தோன் என்பதே முதற்பொருள் என உரைப்பார் பலர். யானும் புராண விரிவுரைகளிற் பல்லாண்டு அங்ஙனமே கூறிவந்தேன். ஒருகால் திருநாளைப்போவார் சரிதஞ் சொல்லி முடித்தபோது, அக்குடியிற் பிறந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, எந்தை முழக்கும் பறையின் பெயரன்றோ எங்கட்கு வழங்குவது? அதன்கண் இழிவு யாண்டுளது?" என்று வினவினான். விடையின்றி வாளா இருந்தேன். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாம்.

முதற்கண் பழைய வழக்கை நோக்குவாம். புறநானூற்று 335-ஆம் பாட்டில், குடியெனச் சிறப்பித்தற்கு உரியனவாக மாங்குடி கிழார் எண்ணிய நான்கனுள் பறையன் குடியும் ஒன்று. பாணன், துடியன், கடம்பன் என்போர் உடனெண்ணப்பட்டனர். துடி கொட்டுவோன் துடியன் ஆயினாற்போலப் பறை கொட்டுவோன் பறையன் ஆயினான். பறை என்பதும் சொல்லுதற்பொருட்டாகிய பறைதல் என்னும் வினையோடு இயைவது. ஊரார்க்குச் செய்தி அறிவிக்குங் கருவி அதுவேயாகலின் என்க.

அற்றன்று, அக்குடியினருட் பறை முழக்கினோர் சிலரே, உழவுத்தொழில் செய்தோரே பலர், ஆகலின் பெயர் பறையினின்று வந்ததன்று என்பாரும் உளர். சிலர் தொழிலாற் பெற்ற பெயர் குடிமுழுதிற்கும் ஆதல் உலகவழக்கே. ஆதலின் அத்தடை நிரம்பாது.

பின்னர் இழிவு வந்தவாறு என்னை? முதலாம் இராசராசன் தஞ்சைக் கல்வெட்டுக்களிற் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் குறிக்கப்பெற்றுள்ளன. மக்களை ஊர்ப்புறத்தே ஒதுக்கிய வழக்கம் அக்காலத்தே வேரூன்றியிருந்தமை இதனாற் பெறப்படும். ஒதுக்கினார் செயலால் நேர்ந்த இழிவு ஒதுக்கப்பட்டார் பெயர்மேல் ஏற்றப்பட்டது. பிற்காலத்து ஐரோப்பியர் அப்பெயரைத் தம் மொழியிற் கொண்டு, விலக்கப்பட்டோர் எவர்க்கும் உரியதாக்கினர். இடையில் வந்த பொருளை முதற்பொருள் என்றல் சொல்லாராய்ச்சிக்கு ஒவ்வாது.

இனி, நம் சமய நூல்வழக்கு யாது? ஆதனூர் அடிகள் திருக்கோயிற் பேரிகைகட்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்ததைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தார். அத்தோலின் முழக்கைக் கோயிலுள் ஏற்று, அதனை ஈந்தாரைப் புறத்தே நிறுத்தினோர் யாவர்? நம் முன்னோரே. ஆயின் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் அவரைப் பிறப்பாற் குறித்தாரல்லர். தில்லைக்கு நாளைப் போவேன் என்ற வேட்கையாற் குறித்துத் தம்மை அவர்க்கு அடியேன் என்றனர். அடியாரை அழைக்கும் முறை இதுவே.

1893-இல் இரட்டைமலை சீனிவாசனார் தாம் தொடங்கிய இதழிற்கு இச்சொல்லையே பெயராக இட்டனர். இழிவென்று பிறர் எறிந்ததை அவர் நாணாது ஏந்தினார். தீண்டாமை 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பால் ஒழிக்கப்பட்டதாயினும், இச்சொல்லை வசையாக வழங்குவோர் இன்றும் உளர். திருநீறு தரித்தோருள்ளும் உளர். இழிவு சொல்லின்கண் இல்லை, சொல்லுவான் நாவின்கண் உளது.

அம்மாணாக்கனுக்கு அன்று கூறாத விடை இது. யான் உரைத்த பிழையுரையை ஈண்டு மீட்டுக்கொள்கின்றேன். மெய்யன்பர்கள் ஓர்ந்து கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.