தேய்ந்த மரைக்குச் சுருள் கம்பி

இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும் போல்ட். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் உள்ள ஆவூர் போன்ற ஊர்களின் பைக் பட்டறைகளுக்கு இது பழகிய தலைவலி. போல்ட் எஃகு, இன்ஜின் அலுமினியம். அளவு மீறி முறுக்கினால் முதலில் போவது அலுமினிய மரைதான்.

மரை வெட்டும் பெரிய டேப் ஓட்டிப் பெரிய போல்ட் போடுவதும், டெஃப்லான் டேப் சுற்றி ஒப்பேற்றுவதும் வழக்கம். ஒழுங்காகச் செய்ய நினைப்பவர் இன்ஜினைப் பிரித்து மாத்தூர், துவாக்குடி லேத் பட்டறைகளுக்குத் தூக்கிப் போக வேண்டும். அந்த அலைச்சலை மிச்சப்படுத்துவது, தேய்ந்த மரைக்குள் சுருள் கம்பியைப் பொருத்தும் ஹெலிகாயில் கிட். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே விமான இன்ஜின்களில் புகுந்த முறை இது.

ஸ்ப்ளெண்டர் இன்ஜினின் பக்கமூடியைப் பிடிக்கும் எம்6 போல்ட் ஓட்டை ஒன்றில் இதைச் சோதித்தபோது, வேலையின் முக்கால் பங்கு நிதானம் என்பது புரிந்தது. 6.3 மி.மீ. டிரில்லால் பழைய மரையை எடுக்க வேண்டும். டிரில் சாய்ந்தால் எல்லாம் வீண். பிறகு கிட்டோடு வரும் தனி டேப். கடையில் வாங்கும் சாதாரண எம்6 டேப் இதற்கு உதவாது. டேப்பில் கிரீஸ் தடவினால் அலுமினியத் துருவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்ஜினுக்குள் விழும் துருவல் ஆயிலோடு சுற்றி பேரிங்கைக் கெடுக்கும் என்பதால் இந்தக் கிரீஸை யாரும் தவிர்க்கக் கூடாது.

அடுத்து, வைர வடிவ வெட்டுமுகம் கொண்ட துருப்பிடிக்காத எஃகுச் சுருளைக் கருவியில் மாட்டித் திருக வேண்டும். ஓட்டையை விடச் சற்றே பெரிய சுருள் என்பதால் ஸ்பிரிங் போல விரிந்து தானே பிடித்துக்கொள்கிறது. பசை வேண்டாம். மேல்பரப்புக்குக் கால் சுற்று கீழே நிறுத்தி, அடியில் உள்ள வாலை முறித்து நோஸ் பிளையரால் வெளியே எடுத்துவிட வேண்டும்.

10 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கியும் மரை அசையவில்லை. சுமை பல மரைகளுக்குப் பரவுவதாலும், அலுமினியத்தில் வெட்டப்பட்ட மரை முன்பைவிட அகலமானதாலும் பிடிப்பு பழைய மரையைவிட உறுதியாகவே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஆயில் டிரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக் போல அடிக்கடி கழற்றும் இடங்களில் சுருளும் சேர்ந்து கழன்று வரக்கூடும்; அங்கே சுருளுக்குப் பதில் குழல் போன்ற கெட்டியான புஷ் வகையே மேல். ஸ்பார்க் பிளக் ஓட்டையைச் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் தொடுவதும் ஆபத்து.

கிராமத்துப் பட்டறைக்கு எம்6, எம்8 கிட் இரண்டும் அவசியம். புதிதாக வாங்குபவர்கள், மறுபடி அளவு மீறி முறுக்காமல் இருக்க, கூடவே ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கிவிடுங்கள்.