அன்புரையில் சொல்லின் இடம்

அன்பைச் சொல்லும் வாக்கியம் சிறியது. அதில் ஒரு சொல் இடம் பெயர்ந்தால் பொருளும் பெயர்ந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஐ ரியலி டோன்ட் லவ் யூ’ என்பதற்கும் ‘ஐ டோன்ட் ரியலி லவ் யூ’ என்பதற்கும் சொற்கள் ஒன்றே, வைப்புமுறை வேறு. முன்னது அன்பை அடியோடு மறுக்கிறது. பின்னது, ஆழ்ந்த அன்பு இல்லை என்று தயங்கிச் சொல்கிறது. வினையடை, மறுப்புச் சொல்லுக்கு முன் நின்றால் மறுப்பை உறுதிசெய்கிறது. பின் நின்றால் தானே அம்மறுப்புக்குள் அகப்பட்டுக்கொள்கிறது.

நம் மாணவரும், கதை எழுதுவோருள் சிலரும், இவ்விரண்டையும் ‘உண்மையில் நான் உன்னை நேசிக்கவில்லை’ என்றே பெயர்த்துவிடுகின்றனர். முன்னதை ‘நேசிக்கவே இல்லை’ என்றும், பின்னதை ‘அவ்வளவாக நேசிக்கவில்லை’ என்றும் எழுதுவதன்றோ தமிழ்!

ஆங்கிலம் வினையடையின் இடத்தால் பெறும் அழுத்தத்தைத் தமிழ் பெரும்பாலும் இடைச்சொல்லால் பெறுகிறது. ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறினார் தொல்காப்பியர். நன்னூலார் இசைநிறையையும் கூட்டி ஆறாக்கினார். ‘நானே உன்னை நம்பி வாழ்ந்தேன்’, ‘நான் உன்னையே நம்பி வாழ்ந்தேன்’, ‘நான் உன்னை நம்பியே வாழ்ந்தேன்’ என்னும் மூன்றையும் ஒப்பிடுக. ஏகாரம் எச்சொல்லைச் சார்கிறதோ, அதுவே அழுத்தம் பெறுகிறது.

பகாவ் வட்டாரத் தோட்டமொன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, மாணவி ஒருத்தி பால்மரம் சீவும் தன் தாய்க்கு மடல் எழுதினாள். ‘அம்மா, நான் மட்டும் உங்களை நேசிக்கிறேன்’ என்றிருந்தது. ஆங்கில வாழ்த்து அட்டையில் கண்ட ‘ஒன்லி’யை இடம் அறியாது நட்டுவிட்டாள். நான் சிவப்பு மையால் ‘உங்களை மட்டும்’ எனத் திருத்தினேன். அவள் தயங்கி, “அப்பா படித்தால் வருந்துவாரே, ஐயா?” என்றாள்.

நாணினேன். அவள் எழுதியது உடன்பிறந்தோரை விலக்கியது. என் திருத்தமோ தந்தையை விலக்கியது. சொல்லின் இடத்தைப் பார்த்த நான், அச்சொல் யாரைப் பிரிக்கிறது என்று பார்க்கவில்லை. அவளே அதனை அடித்துவிட்டு, ‘அம்மா, உங்களை நான் மறக்கவே மாட்டேன்’ என்று எழுதினாள். பிரிநிலை போய்த் தேற்றம் வந்தது. உறுதி குன்றவில்லை, எவரும் வெளியே நிற்கவுமில்லை.

இடையியலை நூற்பாவாக ஒப்புவிக்கச் செய்வதோடு நம் பணி முடிவதில்லை. வாக்கியத்தைத் திருத்துமுன், அஃது எந்த வீட்டில், யார் முன்னிலையில் படிக்கப்படும் என்பதையும் ஆசிரியர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.