வள்ளலும் வரவுசெலவும்

மதிய உணவின் பெருமை யாருக்கு என்று மேடைக்கு மேடை இன்னும் வழக்கு நடக்கிறது. காமராசர்தான் தொடங்கினார் என்பார் ஒருவர். எம்.ஜி.ஆர். இல்லாவிட்டால் அது நிலைத்திருக்குமா என்பார் இன்னொருவர். முந்தியது யார் என்பதுதான் அளவுகோல் என்றால் இருவருக்கும் பரிசு இல்லை. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டுவிட்டது.

அதைவிட, காசு எங்கிருந்து வந்தது என்று ஒப்பிடுவது பயனுள்ளது. 1956-இல் தொடங்கிய காமராசர் திட்டம் பெருமளவு ஊராரை நம்பியது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அரிசி வந்தது, காய்கறி வந்தது, விறகும் வந்தது. அரசு மானியம் பின்னர் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் நம்முடையது என்ற எண்ணம் ஊருக்குள் ஊன்றியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் பசித்த பிள்ளைகள் அதிகமுள்ள ஊரில்தான் கொடுப்பவர்கள் குறைவு. மழை பொய்த்த ஆண்டில் அங்கே அடுப்பு எரிவது யார் தயவில்? நிர்வாகி என்று போற்றப்படும் தலைவரின் திட்டம், பாதி, கொடையாளிகளின் மனத்தில் நின்றது. அவரைக் குறைசொல்லவும் முடியாது. பள்ளியே இல்லாத ஊர்களில் முதலில் பள்ளி திறக்கவேண்டிய காலம் அது, கஜானாவும் சிறியது.

வேடிக்கை என்னவென்றால், வள்ளல் என்று பெயரெடுத்த எம்.ஜி.ஆர்.தான் சோற்றைக் கொடையிலிருந்து விடுவித்தார். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவு, அரசின் வரவுசெலவில் ஏறியது. பள்ளி செல்லாத சிறு குழந்தைகளுக்கும் தட்டு வைத்தது. மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று சம்பளத்துக்கு ஆள் வந்தார்கள். வீண் செலவு, ஓட்டு அரசியல் என்று அப்போது ஏளனம் செய்தவர்கள் பலர். ஓட்டுக் கணக்கு இருந்திருக்கலாம். இருந்தாலும் அடுத்து வந்த எதிர்க்கட்சி அரசாலும் அதை நிறுத்த முடியவில்லை. 1989-இல் கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். ஊர்ப் பெரியவர் தானத்தை நிறுத்தலாம், பட்ஜெட்டில் ஏறிய சோற்றை எந்த முதல்வரும் எளிதில் நிறுத்த முடியாது.

அதே திட்டத்தின் பெரிய ஓட்டையும் எம்.ஜி.ஆர். காலத்தில் விழுந்ததுதான். சோறு உரிமையாயிற்று, சமைப்பவரின் பணி முறையான வேலை ஆகவில்லை. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தந்தது நல்ல முடிவு. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது மதிப்பூதியம். காலமுறை ஊதியம் கேட்டுச் சத்துணவு ஊழியர்கள் நடத்திய போராட்டங்களை அவருக்குப் பின் வந்த ஆட்சிகளும் பார்த்திருக்கின்றன. அந்தப் பழியை இரு கழகங்களும் பங்கிட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.